உயரும் பாதை, இறங்கும் தரை

கலிபோர்னியாவின் டெஹாச்சபி கணவாயில் ரயில் பாதை ஒரு குன்றைச் சுற்றிவந்து, தான் வந்த வழிக்கு மேலாகவே கடந்து போகிறது. 1876-இல் முடிந்த வேலை அது. பொறியாளர் வில்லியம் ஹூட் வகுத்த தடம்; மலையை வெட்டி வழிசெய்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். சுற்றின் நீளம் 3,779 அடி. அவ்வளவு தூரம் ஓடிப் பாதை ஏறுவது 77 அடிதான். ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், ஏழு மாடிக் கட்டட உயரம். நீளமான சரக்கு ரயில் ஏறும்போது, அதன் இன்ஜின் மேல் பாதையில் போய்க்கொண்டிருக்க, கடைசி வேகன்கள் அதற்கு நேர்கீழே சுரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கும்.

இந்தக் கணவாயை சான் டியாகோ நகரின் பல்போவா பூங்காவில் உள்ள மாதிரி ரயில் அருங்காட்சியகத்தில், லா மேசா மாதிரி ரயில் மன்றத்தினர் பல்லாண்டு உழைப்பில் கட்டியிருக்கிறார்கள். ஹெச்ஓ அளவு; அதாவது நிஜத்தில் 87 அடியாக இருப்பது இங்கே ஓரடி. அந்தக் கணக்கில் சுற்றைச் சுருக்கிப் பார்த்தால் பாதை நீளம் 13 மீட்டர், ஏற்றம் 27 சென்டிமீட்டர், வட்டத்தின் குறுக்களவு 4 மீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். ஒரு வீட்டின் கூடம் முழுவதையும் அந்த ஒரு சுற்றே எடுத்துக்கொள்ளும். மாதிரி ரயிலில் உயரப் பாதை கட்ட நினைக்கிற எவரும் முதலில் இந்த எண்களைத்தான் மனத்தில் வாங்க வேண்டும். உயரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. அதை நீளத்தைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

‘பாதையை எதன் மேல் தூக்கி நிறுத்துவது?’ என்பதே புதியவர்கள் கேட்கும் கேள்வி. தூண், மரக்கட்டை, தெர்மாகோல் என்று அதற்குப் பதில்கள் நிறைய உண்டு. அவற்றையும் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. ஏற்றம் எங்கே தொடங்குகிறது? உயர வேண்டியது பாதைதானா, அல்லது தாழ வேண்டியது தரையா?

கொத்தனார்கள் மொட்டைமாடியில் தண்ணீர் ஓடத் தரும் சரிவை ‘வாட்டம்’ என்பார்கள். ரயில் பாதைக்கும் அந்தச் சொல் அழகாகப் பொருந்துகிறது. 100 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் ஏறினால் 2 சதவீத வாட்டம். ஹெச்ஓ அளவில் ஒரு பாதை இன்னொன்றைத் தாண்ட, கீழ்த் தண்டவாளத்தின் தலையிலிருந்து மேலே உள்ள பாலத்தின் அடிப்பகுதி வரை சுமார் 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்கு மேல் பாலத்தின் கனம், பாதைப் படுகை, தண்டவாளம் எல்லாம் சேர்த்தால் தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 2 சதவீத வாட்டத்தில் அந்த 10 சென்டிமீட்டரை எட்ட 5 மீட்டர் பாதை தேவை. ஏறியதை மறுபடி இறக்கவும் இன்னொரு 5 மீட்டர். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஒன்றை மேசையாக விரித்தவரிடம் அதன் சுற்றளவே சுமார் 7 மீட்டர்தான் இருக்கும். அதனால் வாட்டத்தை 4 சதவீதமாக்கி இரண்டரை மீட்டரில் ஏற்றிவிடப் பார்க்கிறார். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இழுவையை எண்ணில் போட்டுப் பார்ப்போம். 400 கிராம் எடையுள்ள இன்ஜின், தன் எடையில் கால்பங்கு, அதாவது 100 கிராம் விசையோடு இழுக்கிறது என்று கொள்வோம். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் பரிந்துரைக்கும் எடைப்படி, ஆறு அங்குல நீள ஹெச்ஓ வேகன் 4 அவுன்ஸ், ஏறத்தாழ 113 கிராம் இருக்க வேண்டும். சமதரையில் அதை நகர்த்த 3 கிராம் விசை போதுமென்றால், இன்ஜின் 33 வேகன்களை இழுக்கும். 2 சதவீத வாட்டத்தில் ஒவ்வொரு வேகனும் கூடுதலாக 2.3 கிராம் கேட்கிறது. இன்ஜினும் தன் எடையைத் தானே தூக்க 8 கிராம் செலவழிக்கிறது. வேகன்கள் 17 ஆகக் குறைகின்றன. 4 சதவீதத்தில் 11. சக்கர வழவழப்பும் தண்டவாளச் சுத்தமும் மாறினால் இந்த எண்கள் மாறும். விகிதம் பெரிதாக மாறாது. முதல் 2 சதவீதமே வண்டியைப் பாதியாக்கிவிடுகிறது.

வளைவு வேறு சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். வளைவில் சக்கர விளிம்புகள் தண்டவாளத்தில் உரசுவதே ஒரு கூடுதல் ஏற்றம் போல வேலை செய்கிறது. அமெரிக்க ஆர்வலர்களிடம் கைக்கணக்கு ஒன்று உண்டு: வளைவின் ஆரத்தை அங்குலத்தில் எடுத்து, 32-ஐ அதனால் வகுத்தால் கூடும் சதவீதம் வரும். கடைப் பெட்டிகளில் வரும் 18 அங்குல ஆர வளைவில் அது 1.8. அப்படியானால் அந்த வளைவில் வைத்த 2 சதவீத வாட்டம் இன்ஜினுக்கு ஏறக்குறைய 4 சதவீதமாகத் தெரிகிறது. பெரிய ரயில்வேக்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான். இந்திய ரயில்வே அகலப் பாதையில் வளைவின் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.04 சதவீதம் வாட்டத்தைக் குறைத்தே பாதை அமைக்கிறது. மாதிரி ரயிலில் வளைவுகள் நிஜத்தைவிடப் பன்மடங்கு கூர்மையானவை. ஆனாலும் இங்கேதான் அந்தக் கழிவைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏற்றம் கைமீறினால் என்ன செய்வது என்பதற்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. நீலகிரி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12.28 அடிக்கு ஓரடி ஏறுகிறது, அதாவது 8 சதவீதத்துக்கு மேல். அங்கே வழவழப்பான சக்கரத்தை நம்பவில்லை. நடுவில் பல் தண்டவாளம் பதித்து, இன்ஜினைக் கீழ்ப்பக்கம் வைத்துத் தள்ளி ஏற்றுகிறார்கள். ஜெர்மனியின் ஃப்ளைஷ்மன் நிறுவனம் ஹெச்ஓ அளவிலும் அதைவிடச் சிறிய ‘என்’ அளவிலும் பல் தண்டவாள ரயில்களைத் தயாரித்தது. மேசை சிறியது, மலை வேண்டும் என்பவர்களுக்கு 5 சதவீதப் பாதையில் திணறும் சரக்கு வண்டியைவிட, இரண்டு பெட்டிப் பல் சக்கர ரயிலே நேர்மையான தேர்வு என்பது என் கருத்து.

வாட்டத்தின் அளவைவிட அது தொடங்கும் இடமே அதிகத் தொல்லை தருகிறது. சமதரையும் சரிவும் சட்டென்று சந்தித்தால் அங்கே ஒரு மடிப்பு விழும். என் முதல் உயரப் பாதையை மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் கட்டினேன். கட்டைகளின் உயரத்தை ஒழுங்காகக் கூட்டிக்கொண்டே போனேன். அடிவாரத்தில் மட்டும் எதுவும் செய்யவில்லை. ஆறு சக்கர போகி கொண்ட இன்ஜின் அந்த மடிப்பில் ஏறியதும் நடுச் சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. உச்சியில் இன்னொரு மடிப்பு. அங்கே முன்பெட்டியின் கொக்கி தாழ, பின்பெட்டியின் கொக்கி உயர, ஒன்றிலிருந்து ஒன்று நழுவிக் கழன்றுவிட்டது. கழன்ற ஐந்து வேகன்களும் பின்னோக்கி உருண்டு வளைவில் தடம் புரண்டு தரையில் விழுந்தன. அவற்றில் இரண்டுக்கு நான் வாரக்கணக்கில் கையால் வண்ணம் தீட்டியிருந்தேன். அன்றைக்கு வந்த வருத்தம் இன்றும் நினைவிருக்கிறது.

மடிப்பைப் போக்க, சமதரையிலிருந்து வாட்டத்துக்குப் பாதை மெதுவாக வளைந்து ஏற வேண்டும். ஓடப்போகும் மிக நீளமான பெட்டி எவ்வளவோ அதில் இரண்டு மடங்காவது இந்த வளைவு இருப்பது நல்லது. 85 அடி அமெரிக்கப் பயணிகள் பெட்டி ஹெச்ஓ அளவில் 30 சென்டிமீட்டர்; ஆகவே அடியில் 60, உச்சியில் 60. இந்த இரண்டு வளைவுகளிலும் சராசரி வாட்டம் பாதிதான் என்பதால், 5 மீட்டர் என்று போட்ட கணக்கு 5.6 மீட்டராக நீளும். தாளில் பாதை வரைபவர்கள் இந்த 60 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, கட்டும்போது அதை ஈடுகட்ட நடுவில் வாட்டத்தைக் கூட்டிவிடுகிறார்கள். தடம் பிரியும் பாயின்ட்டுகளை இந்த வளைவுகளின் மேல் வைக்கவே கூடாது. நாக்குத் தண்டவாளங்கள் சமதளத்தில்தான் ஒழுங்காகப் படியும்.

இனி கட்டும் முறைகள். பழமையானதும் எளிதானதும் தூண் முறை. 1950-களில் அமெரிக்காவின் லயனல் நிறுவனம் படிப்படியாக உயரம் கூடும் தூண்களை ஒரே பெட்டியில் விற்றது. எட்டு வடிவத்தில் ஓடித் தன்னையே தாண்டும் பாதையை அதை வைத்துக் குழந்தைகளே கட்டிவிடலாம். தூண்களின் குறை, அவை பாதையைப் புள்ளி புள்ளியாகத்தான் தாங்குகின்றன என்பது. இரண்டு தூண்களுக்கு நடுவே தண்டவாளம் தொய்கிறது. தூண் மேல் இணைப்பு வந்தால் அங்கே முதுகு தட்டுகிறது. ஜப்பானியர்கள் இதற்கு நல்ல தீர்வு கண்டார்கள். கேட்டோ, டோமிக்ஸ் நிறுவனங்களின் ‘என்’ அளவுத் தொகுதிகளில், தண்டவாளமும் கான்கிரீட் பாலத்தளமும் கைப்பிடிச் சுவரும் ஒரே துண்டாக வருகின்றன. தூண் மேல் அதை அழுத்தி மாட்டினால் போதும். 1964-இல் ஷின்கான்சென் ஓடத் தொடங்கிய நாட்டில் உயரப் பாதை என்பது மலைக்காட்சி அல்ல. நகரத்தின் அன்றாடக் காட்சி. சிறிய அடுக்குமாடி வீட்டில் மாலையில் தரையில் விரித்து, இரவில் பெட்டியில் எடுத்துவைக்கும் பழக்கத்துக்கும் அது ஒத்துப்போகிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து திருமயிலை வழியாகப் போகும் பறக்கும் ரயிலை யாராவது ஒரு நாள் மாதிரியாகக் கட்ட நினைத்தால், இந்த ஜப்பானிய முறையே அவருக்குக் கைகொடுக்கும். தூண்மேல் நிற்கும் பாதை தூண்மேல் நிற்பதாகவே தெரிய வேண்டிய இடம் அது.

அடுத்தது நுரைப்பலகை. அமெரிக்க உட்லேண்ட் சீனிக்ஸ் நிறுவனம் 2, 3, 4 சதவீத வாட்டத்தில் முன்கூட்டியே வெட்டிய, வளையக்கூடிய நுரைத் துண்டுகளை விற்கிறது. வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் உயரம் தானாகக் கூடும். பாதை முழு நீளத்துக்கும் தாங்கல் உண்டு. இங்கே நாமே தெர்மாகோலில் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் கரைப்பான் கலந்த ரப்பர் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும். வெள்ளைப் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். நுரை முறைக்கு அடித்தளமாகத் தட்டை மேசை வேண்டும் என்பதே அதன் எல்லை. மேசைக்குக் கீழே அதனால் போக முடியாது.

ப்ளைவுட்டை வெட்டி உயர்த்தும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டைச் சட்டத்தின் மேல் பரப்பி, பாதையை அதன் மேலேயே வரைந்து, இருபுறமும் சில சென்டிமீட்டர் விட்டு ஜிக்சா ரம்பத்தால் அறுத்துவிட வேண்டும். அறுத்த துண்டின் ஒரு முனை பலகையோடு ஒட்டியே இருக்கும். மறுமுனையைத் தூக்கி, கீழே 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிறுத்துக்கட்டைகள் கொடுத்துக்கொண்டே போனால், ப்ளைவுட் தன் இயல்பிலேயே மெல்ல வளைந்து எழும். நாம் கணக்குப் போட்டுத் தேடிய அந்த அடிவார வளைவை மரமே போட்டுக் கொடுத்துவிடுகிறது. முதல் கட்டையை ஒட்டிய இடத்துக்கு மிக அருகில் வைத்துவிடாமல் இருந்தால் போதும். மெல்லிய மரச் சட்டங்களை நெடுக்காக நிறுத்தி, இடைக்கட்டைகளோடு ஒட்டிப் பாதைப் படுகையாக்கும் முறையும் இதே குணம் கொண்டது. வளைவும் வாட்டமும் அதில் இன்னும் வழுவழுப்பாக வரும், வேலைதான் அதிகம்.

‘மாடல் ரெயில்ரோடர்’ இதழின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் 1960-களில் பரப்பிய சட்டமுறை வேறொரு கதவைத் திறந்தது. இரண்டு ரீப்பர்களை எல் வடிவில் ஒட்டி நெடுக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் குறுக்குக் கட்டைகள். குறுக்குக் கட்டைகளின் பக்கவாட்டில் நிறுத்துக்கட்டைகள். அவற்றின் தலையில் பாதைப் பலகை. மேசைப் பலகை என்பதே இல்லை. எல்லாத் திருகுகளையும் கீழிருந்தே முடுக்குவது வெஸ்ட்காட்டின் கூர்மையான யோசனை. மலையும் மரமும் வைத்து முடித்த பிறகும், கீழே போய்ப் படுத்துக்கொண்டு ஒரு கட்டையை இரண்டு மில்லிமீட்டர் ஏற்றலாம், இறக்கலாம். உயரப் பாதையில் முதல் முயற்சியிலேயே வாட்டம் சரியாக அமைவது அபூர்வம் என்று தெரிந்த ஒருவரால்தான் இப்படி யோசித்திருக்க முடியும்.

இந்தத் திறந்த சட்டம் வந்த பிறகுதான் நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு இடம் பிறக்கிறது. நிஜ உலகில் பாலங்கள் உயரமாக இருப்பதற்குக் காரணம் பாதை மேலே போனதல்ல, நிலம் கீழே போனது. சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலத்தைப் பாருங்கள். 1902-இல் முடிந்தது, 20 மீட்டர் அகல வளைவுகள் ஆறு, உயரம் 65 மீட்டர், 100 மீட்டர் ஆரத்தில் வளைந்தபடியே பாறைச் சுவரில் உள்ள சுரங்கத்துக்குள் பாதை புகுந்துவிடுகிறது. அவ்வளவு பிரமாண்டம் இருந்தும் அதன் மேல் வாட்டம் 2 சதவீதம்தான். உயரம் முழுவதும் ஆற்றின் பள்ளத்தில் இருக்கிறது. ஹெச்ஓ அளவில் இந்தப் பாலம் 75 சென்டிமீட்டர் உயரம். மேசைமேல் 75 சென்டிமீட்டருக்குப் பாதையை ஏற்ற 2 சதவீதத்தில் 37 மீட்டர் வேண்டும், யாராலும் ஆகாது. பாதையை அதன் உயரத்திலேயே விட்டுவிட்டு, சட்டத்தின் ஒரு பகுதியைத் தாழ்வாகக் கட்டிப் பள்ளத்தைத் தரை நோக்கி இறக்கினால், துளி வாட்டம்கூட இல்லாமல் அந்த உயரம் கிடைத்துவிடுகிறது.

இதைக் கண்கூடாகக் காட்டியவர் ஜான் ஆலன். கலிபோர்னியாவின் மான்டரேயில் தன் வீட்டு நிலவறையில் அவர் கட்டிய கோரி அண்ட் டிஃபீட்டட் என்ற ஹெச்ஓ லேஅவுட்டில், மலைகள் அறைக்கூரையைத் தொட்டன. பள்ளத்தாக்குகள் அறையின் தரை வரை இறங்கின. பார்க்கிறவர் பள்ளத்தின் விளிம்பில் நின்று, தன் மார்பளவில் பாலத்தையும் காலடியில் பாறைகளையும் பார்த்தார். ஆலன் தொழில்முறைப் புகைப்படக்காரர் என்பதால் அந்தக் காட்சிகள் இதழ்களில் பரவி, ஒரு தலைமுறையின் கண்ணையே மாற்றின. 1973 ஜனவரியில் அவர் இறந்தார்; சில நாள்களிலேயே தீ அந்த லேஅவுட்டை அழித்துவிட்டது. மிஞ்சியவை படங்கள்தான். ஆனால் தரை வரை இறங்கும் பள்ளத்தாக்கு என்ற எண்ணம் அழியவில்லை. ஹாம்பர்க் நகரின் மினியாட்டூர் வுண்டர்லாண்டில், சுவிஸ் பகுதியின் மலைகள் ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்துக்கு இரண்டு தளங்களை ஊடுருவி நிற்கின்றன.

பாலத்தின் கனத்தைப் பற்றி ஒரு சொல். 2 சதவீத வாட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 5 சென்டிமீட்டர் பாதை போகிறது. ஆகவே தாண்டும் இடத்தில் தளத்துக்கு அடியில் உத்திரம் தொங்கும் பாலத்தை வைக்காமல், ரயில் இரண்டு உத்திரங்களுக்கு நடுவே புகுந்து போகும் பாலத்தை வைத்தால் அடிக்கனம் 10 மில்லிமீட்டர் குறையும். அரை மீட்டர் பாதை மிச்சம். கீழ்ப்பாதையையும் கொஞ்சம் இறக்கிவிட்டால் சுமை இரண்டு பாதைகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். நிஜப் பொறியாளர்கள் செய்வதும் இதேதான்.

ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு 40, 50 சென்டிமீட்டர் ஏற வேண்டுமானால் திருகுச் சுற்றுதான் வழி. 30 அங்குல ஆரத்தில் ஒரு சுற்று 4.8 மீட்டர், சுற்றுக்கு 10 சென்டிமீட்டர் ஏறினால் வாட்டம் 2.1 சதவீதம். ஆரத்தை 18 அங்குலமாகக் குறுக்கினால் 3.5, வளைவின் உரசலும் சேர்ந்தால் 5-ஐத் தாண்டும். நெடுகிலும் மரை கொண்ட இரும்புக் கம்பிகளைச் சுற்றி நிறுத்தி, ஒவ்வொரு தளத்தையும் இரண்டு நட்டுகளுக்கு நடுவே பிடித்தால் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்யலாம். ஆனால் ஐந்து சுற்று என்பது 24 மீட்டர். அதாவது நிஜக் கணக்கில் 2 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் மூன்று நிமிடங்களுக்கு மேல் மறைந்துவிடும். அந்த மூன்று நிமிடம் எனக்கு நீளமாகவே படுகிறது. ஒரு சுற்றையாவது மலைப்பக்கத்தில் வெளியே தெரியவிட்டால் டெஹாச்சபியின் அழகில் ஒரு துளி கிடைக்கும்.

மற்றவை சுருக்கமாக. தூரத்தில் மின்னழுத்தம் குறைந்தால் இன்ஜின் ஏற்றத்தின் நடுவில்தான் திணறும். ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு ஓர் இணைப்புக் கம்பி கொடுத்துவிட வேண்டும். மேசை விளிம்பை ஒட்டிய உயரப் பாதைக்குத் தாழ்வான அக்ரிலிக் தடுப்பு அவசியம். ஏற்றத்திலுள்ள கூர்மையான வளைவில் நீண்ட ரயிலின் எடையற்ற வேகன்கள் உள்பக்கமாக இழுபட்டுச் சாயும். எடை குறைந்தவற்றைக் கடைசியில் கோப்பது நல்லது.

உயரங்களைக் குறிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய் அறையின் நான்கு மூலைக்கும் ஒரே மட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வாட்டத்தைச் சரிபார்க்க ஒரு மீட்டர் நீளச் சட்டத்தின் ஒரு முனைக்கடியில் 2 சென்டிமீட்டர் கட்டை ஒட்டி, அந்த முனையை இறக்கப் பக்கம் வைத்துப் பாதைமேல் கிடத்தி, ரசமட்டத்தை மேலே வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் அங்கே வாட்டம் 2. அப்படியே ஒவ்வோர் அடியாக நகர்த்திக்கொண்டே போகலாம்.

பிறகு ஜல்லியும் புல்லும் ஒட்டுவதற்கு முன், தண்டவாளத்தைத் தற்காலிகமாக ஊசியால் குத்தி நிறுத்தி, உங்களிடமுள்ள மிக நீளமான ரயிலைக் கோத்து ஏற்றுங்கள். பிறகு அதே ரயிலைப் பின்னோக்கித் தள்ளி ஏற்றுங்கள். ஏற்றத்தின் நடுவே நிறுத்தி, மறுபடி கிளப்புங்கள். கொக்கி கழன்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, திருப்புளியோடு சட்டத்துக்குக் கீழே போங்கள்.